அத்தை போட்ட இரண்டு பூக்கள்

பதினொரு வயதில் என் அத்தையின் கல்யாணம் என் கையில் இருந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள், நைனாவைத் தவிர. அவருக்குச் சங்கதியே தெரியாது. அதுவும் எந்தக் கை என்றால், சாப்பிடும்போதும் பெரியவர்களுக்கு எதையாவது நீட்டும்போதும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா தட்டித் தட்டிப் பழக்கிய என் இடது கை.

அந்த வருஷம் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எங்களுக்கு எளாவூருக்கு இந்தப் பக்கம் நெல் நிலம், வீடு எல்லாம். நான் காலை வண்டியேறி கும்மிடிப்பூண்டியில் இறங்கிப் பள்ளிக்கூடம் போவேன். அதே வண்டியில் அத்தை பொன்னேரிக்கு டைப் கற்கப் போவாள். அத்தை என்றால் நைனாவின் கடைசித் தங்கை. டைப்பில் லோயர் முடித்து ஹையரும் முடித்துவிட்டாள். ஆனாலும் ஸ்பீடு குறைந்துவிடுமென்று தினமும் போய் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வருவாள். வண்டி வர நேரமானால் பிளாட்பாரத்துப் பெஞ்சில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் சோற்றுப் பானை மூடி, ஜன்னல் கம்பி, என் முதுகு, எதுவும் தப்பாது.

மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு பையில் ஒரு துணியும், வாயில் ஒரு வரனும் கொண்டுவந்தார்.

"மாப்ள திருவள்ளூரு அண்ணே. கவருமெண்ட்டு ஆபீசு. ஒரே புள்ள. அவங்கம்மா இஸ்கூல்ல தையல் டீச்சரு. பொண்ணு கறுப்பா சேப்பான்னுலாம் பாக்க மாட்டாங்களாம். கைவேலதான் பாப்பாங்களாம்."

"போச்சு," என்றாள் அம்மா. "நம்ம பொண்ணு ஜாக்கெட்ல ஊக்கு பிஞ்சா தெச்சிக்காது. அதும்மேல சேப்டி பின்னக் குத்திக்கினு திரியும்."

"அதுக்குத்தான அண்ணி துணி எட்தாந்தேன்," என்று சித்தப்பா பையிலிருந்ததை விரித்தார். கப்பலில் துரைமார்கள் சாப்பிடுகிற மேஜைக்குப் போடும் துணியாம். பழைய சாமான்களோடு ஏலத்தில் வந்ததாம். நடுவில் ஒரு கறைகூடக் கிடையாது. "லினன்! இத்தப் போட்டாதான் வெள்ளக்காரனுக்கு சோறே எறங்கும்."

தொட்டுப் பார்த்தேன். வெயில் நேரத்தில் மண்பானையைத் தொட்டது போல ஜில்லென்று இருந்தது. நூல் ஒரு இடத்தில் தடியாகவும் ஒரு இடத்தில் மெலிசாகவும் ஓடியது. கையில் பிடித்துவிட்டு விட்டால் பிடித்த இடம் அப்படியே கசங்கி நின்றது. "பருத்தியா சித்தப்பா?" என்று கேட்டேன். ஆளி விதை காய்க்கிற செடியின் நார் என்றார். சித்தப்பா சொல்வதில் பாதியை யாரும் நம்ப மாட்டோம். நானும் நம்பவில்லை. ஆனால் அந்த ஒன்று மட்டும் நிஜம்.

அம்மா அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வர மூன்று வாரம் இருக்கிறது. துணியின் நாலு ஓரத்திலும் ஒரு கொடி. கொடியில் இருபத்தெட்டுப் பூ. அத்தை போட்டதாக அதை மேஜையில் விரித்து, அதன்மேல் பலகாரத் தட்டை வைத்துவிடுவது. கார்பன் தாள் வைத்து என் பென்சிலாலேயே கொடியை வரைந்தாள்.

அத்தை உட்கார்ந்தாள். நாலு நாளில் இரண்டு பூவும் ஒரு முழம் கொடியும் போட்டாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பெருமூச்சு. இதழ் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது.

ஏனென்றால் எனக்குத் தையல் வரும். ஆனால் பள்ளியில் வராது. எங்கள் தையல் டீச்சர், ஊசியை இடது கையில் எடுத்தால் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொல்லிவிடுவார். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. வலது கையால் போட்ட என் கைக்குட்டையைப் பார்த்து, "கோழி கெளறினாப்ல கீது," என்று வகுப்புக்கே காட்டினார். நான் ஒரு வேலை செய்தேன். டீச்சர் சொல்லிக் கொடுக்கும்போது மற்றவர்களைப் போலப் பக்கத்தில் போய் நிற்காமல் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டேன். எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பது போல, அவருடைய வலது கை எனக்கு இடது கையாகிவிடும். அப்படியே வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து போடுவேன். சங்கிலித் தையல், காம்புத் தையல், இதழ் நிரப்புவது, எல்லாம் ஓடும்.

"அத்தே, குடேன். நான் போடறேன்," என்றேன்.

அம்மா ஊசியைப் பிடுங்க வந்தாள். "பீச்சாங்கையால போட்டா அந்தக் கண்ணாலம் வெளங்குமாடி?"

"நா வேணா வலது கையாலயே போடறேன்மா. மெதுவா வரும்."

அத்தை அம்மாவின் கையை விலக்கிவிட்டு, என்னை ஒரு சாண் கொடி போடச் சொன்னாள். இடது கையால் போட்டேன், அவள் கண்ணெதிரிலேயே, கொஞ்சம் வேகமாகவே. அவள் அதைத் தன்னுடைய கொடிக்குப் பக்கத்தில் மடித்து வைத்துப் பார்த்தாள். விரலை முதலில் தன் கொடிமேலும் அப்புறம் என் கொடிமேலும் தடவினாள். மறுபடியும் தன் கொடிமேல். என்னவோ டைப்பில் தப்புக் கண்டுபிடிக்கிறவள் மாதிரி அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான கீது அண்ணி," என்றாள் கடைசியில். "எந்தக் கையில வருதோ அந்தக் கையிலயே போடட்டும்."

எந்தக் கையில் வருதோ அந்தக் கையில். அதற்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கே இருபத்தாறு பூவையும் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன்.

பள்ளி விட்டு வந்ததும் நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். நைனா வயலிலிருந்து வரும் சத்தம் கேட்டால் அம்மா வாசலிலிருந்து இருமுவாள். நான் துணியை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பூகோளப் புத்தகத்தைப் பிரித்துவிடுவேன். "பொண்ணு எப்பப் பாரு பூகோளமே பட்ச்சிக்கினு கீது," என்று நைனா சந்தோஷப்பட்டார்.

நூல் சிக்காமல் சுற்றி வைக்க அட்டை வேண்டியிருந்தது. அத்தையின் பெட்டியில் தடியாக ஒரு பழுப்பு உறை இருந்தது. அதை எடுத்தேன். அத்தை பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தத் தொடாதே. எஸ்டேட்லேர்ந்து வந்த லெட்டரு. டைப்பிஸ்டு வேலைக்கு நேர்ல வரச் சொல்லிக் கீறாங்க."

"எப்போ?"

"அவங்க வந்து பாத்துட்டுப் போறாங்களே, அந்த ஞாயித்துக்கெழமைக்கு மறுநாளு."

அதைப் பற்றி நைனாவிடம் ஏற்கனவே கேட்டிருக்கிறாள். நானும் அங்கேதான் இருந்தேன். "இந்த எடம் முடிஞ்சுதுன்னா வேல எதுக்கு ஒனக்கு? அவங்க ஊட்டு இஷ்டம். முடியலன்னா அப்பறம் போ, நா வேணாங்கல," என்றுவிட்டு நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தை அந்த உறையைப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். நூல் சுற்ற எனக்குப் பழைய காலண்டர் அட்டையைக் கிழித்துக் கொடுத்தாள். வேலை என்ன பெரிய வேலை, இவ்வளவு அழகான விரிப்பைப் பார்த்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிவிடுவார் என்று நான் நிச்சயமாக இருந்தேன்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தையல் டீச்சர்கள் முன்பக்கத்தை முதலில் பார்க்க மாட்டார்கள். எங்கள் டீச்சர் கையில் வாங்கியதும் துணியைத் திருப்பிப் போட்டுவிடுவார். முன்னால் ரோஜாவாக இருப்பது பின்னால் முள்வேலியாக இருக்கும். பாதி மார்க் அங்கேயே போய்விடும். அதனால் நான் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. நூல் நுனியைப் பழைய தையலுக்கு அடியில் நுழைத்து நுழைத்து மறைத்தேன். ஊசி ஏறும் இடத்தில் அடியில் முட்டுக் கொடுத்த என் வலது ஆள்காட்டி விரல் சல்லடை ஆகிவிட்டது. பின்பக்கத்தைப் பார்த்தால் அதுதான் முன்பக்கமோ என்று தோன்றும். அவ்வளவு சுத்தம்.

எல்லாம் முடிந்ததும், அத்தை போட்ட இரண்டு பூவும் கொடியும் மட்டும் ஏதோ ஒட்டாமல் நின்றன. ஏனென்று எனக்குப் புரியவில்லை. இதழ் கோணலாக இருப்பதால்தான் என்று நினைத்தேன்.

"பிரிச்சிட்டு நானே போட்டுடறேன் அத்தே. ஒரு சாயங்காலம் போதும்."

"வேணாம். அது கெடக்கட்டும்."

"அசிங்கமா கீதே!"

"ரெண்டு பூவாவது என் கையால போட்டதா இருக்க வேணாமாடி? நாளைக்கி நாந்தான் போட்டேன்னு சொல்றப்போ முழுப் பொய்யா இருக்கக் கூடாது பாரு."

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அத்தை எப்போதுமே பொய் சொல்லத் தெரியாதவள் என்று அம்மாகூடச் சொல்வாள்.

சனிக்கிழமை அம்மா விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டாள். வடித்த கஞ்சி கொஞ்சம் கெட்டியாகிவிட்டதால் துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. கரி இஸ்திரிப் பெட்டியை மேலும் கீழும் ஓட்டி ஒருவழியாக மேஜைக்குமேல் படுக்க வைத்தோம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேஜை, நான் படிக்கிற மேஜை. அதன் மைக்கறையெல்லாம் மறைந்துபோய் அதற்கே கல்யாணம் ஆகப்போகிறது போல நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கூடவே சித்தப்பா. மாப்பிள்ளை ஒல்லியாக, சாதுவாக இருந்தார். அவருடைய அம்மா மூக்குக் கண்ணாடி போட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடையிலேயே டீச்சர் என்று தெரிந்தார். அத்தை காப்பி கொடுத்து, கும்பிட்டு, பாயில் உட்கார்ந்தாள். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால்.

அந்தம்மா அத்தையை ஒரு தரம்தான் பார்த்தார். அப்புறம் மேஜையையே பார்த்தார். பஜ்ஜித் தட்டை எடுத்து மகன் மடியில் வைத்தார். கேசரித் தட்டைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். விரிப்பை உருவி, நான் நினைத்த மாதிரியே, பின்பக்கம் திருப்பினார்.

பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ என்று கதவுக்குப் பின்னால் எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது.

"முடிச்சே இல்லியே!" என்றார் அந்தம்மா. அவர் குரலே மாறிவிட்டது.

"எங்க பொண்ணு கை அப்பிடிங்க," என்றாள் அம்மா. "இன்னா சொன்னாலும் கேக்காது. ராவும் பகலும் ஊசியும் கையுமாத்தான் கெடக்கும்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா துணியை முன்பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கொடிமேல் நகத்தை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். ஒரு ஓரம் முடிந்து அடுத்த ஓரம் திரும்பி, அத்தையின் இரண்டு பூ வந்த இடத்தில் நகம் நின்றது. திரும்பவும் பின்னால் போய், திரும்பவும் வந்தது.

"ஏம்மா, நீ எந்தக் கையால தெப்பே?"

"வலது கைங்க." அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்படின்னா இந்த ரெண்டு பூவும் இந்த ஒரு முழக் கொடியும்தான் நீ போட்டது. பாரு, காம்புத் தையலு கயிறு முறுக்கினாப்ல போவும். வலது கைக்காரங்க போட்டா முறுக்கு இப்பிடி சாயும். மத்தது எல்லாம் அதுக்கு நேர் எதுரா சாயிது. இது பீச்சாங்கைக்காரங்க போட்டது."

சித்தப்பா கேசரித் தட்டைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் தெரியாத நைனாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"இன்னாங்க பேச்சு இது? எங்க ஊட்ல பீச்சாங்கைன்னு யாரும் கெடையாது. எங்க வம்சத்துலயே கெடையாது!"

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் இருபத்தாறு பூ. இரண்டரை வாரம். முடிச்சில்லாத பின்பக்கம். அவ்வளவையும் போட்ட கை இந்த வீட்டிலேயே கிடையாது என்கிறார் நைனா.

"நான் கீறேன் நைனா!" கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "நாந்தான் போட்டேன். அந்த ரெண்டு பூவு மட்டுந்தான் அத்தே. மீதி அத்தினியும் நானு." தூக்கிக் காட்டியது எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்தம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டு, என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து, குத்துக் குத்தாக இருந்த நுனியைப் பார்த்தார். ஊசி நூல் கொண்டுவரச் சொன்னார். "ஒரு எல போடு பாப்போம்."

நின்றபடியே போட்டேன். நைனா பார்க்க.

"யாரு கத்துக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. எதுர்ல குந்திக்கினு பாத்தேன்."

அந்தம்மா ஊசியை வாங்கித் துணியில் குத்தி வைத்தார். அப்புறம் அத்தையைப் பார்த்து, "நீ இன்னாம்மா சொல்றே?" என்றார்.

"எனக்குத் தையல் வராதுங்க," என்றாள் அத்தை. "டைப்பு வரும்."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை மடியிலிருந்த பஜ்ஜித் தட்டோடு நிமிர்ந்தார். "நிமிஷத்துக்கு எத்தினி வேர்டு?"

"நாப்பத்தஞ்சு."

"எங்க ஆபீஸ்லயே அவ்ளோ அடிக்க ஆளு..."

"நீ பஜ்ஜிய சாப்புடு," என்றார் அவருடைய அம்மா.

போகும்போது, "போய் லெட்டர் போடறோம்," என்றார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பிடித்தவர்கள் அங்கேயே தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். லெட்டர் போடுகிறோம் என்று போன முந்தின இரண்டு வீட்டாரிடமிருந்தும் ஒரு கார்டுகூட வரவில்லை.

அப்புறம் நடந்ததை நீட்டுவானேன். "வாயக் கட்டிக்கினு நிக்க முடிலியாடி ஒனக்கு? ஒரு கண்ணாலத்த ஒடச்சிட்டு நிக்கறியே!" என்று அம்மா அழுதாள். நைனா விரிப்பை எடுத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்துவிட்டு மடித்து வைத்தார். சித்தப்பா மட்டும், இத்தனை கண்டுபிடிக்கிற மாமியாரிடம் போய்ச் சேராமல் தப்பியது நல்லதுதான் என்று சொல்லிவிட்டு மிச்சக் கேசரியைத் தீர்த்தார்.

நான் வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை, நானாகவே. அத்தையின் வாழ்க்கை என்னால் போச்சு. மூன்றாவது இடமும் போச்சு. இனி யார் வருவார்கள்?

கொஞ்ச நேரத்தில் அத்தையே வந்தாள், முந்தானையில் நாலு பஜ்ஜியோடு. நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தொடைக்கு அடியிலிருந்த கையை வெளியே இழுத்து, மரத்துப்போன அந்தக் கையில் ஒரு பஜ்ஜியை வைத்தாள்.

"துன்னு."

"அழாதே அத்தே," என்றேன்.

"நா எங்கடி அழறேன்?"

நிஜமாகவே அழவில்லை. தண்ணீர் வரும் இரும்புக் குழாய்மேல் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்காகத் துக்கத்தை அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்து நான் அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

"நாளைக்கி வண்டியில நானும் கும்மிடிப்பூண்டிலயே எறங்கிடுவேன்," என்றாள். "அண்ணன கேட்டுட்டேன். சரி, போன்னுட்டாரு. அந்த நீலப் புடவையக் கட்டிக்கட்டுமா?"

புடவை எனக்கு எங்கே மனதில் ஏறுகிறது. நான் செய்ததற்கு ஒரு பரிகாரம் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனுஷியாக அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

"அடுத்த வாட்டி வரவங்களுக்கு நா வலது கையாலயே போடறேன் அத்தே. மெதுவா வந்தாலும் பரவால்ல. ஒன்னோட ரெண்டு பூவையும் பிரிச்சிட்டு எல்லாம் ஒரே மாதிரி போட்டுடறேன். எந்த டீச்சராலயும் கண்டுபுடிக்க முடியாது."

குழாய்மேல் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"வேணாம் கண்ணு," என்றாள் அத்தை அவசரமாக. "அடுத்த வாட்டியும் இந்தக் கையாலயே போடு. அந்த ரெண்டு பூவு அப்பிடியே இருக்கட்டும்."

கல்யாணமே கலைந்த பிறகும் என் கையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு நாலு பஜ்ஜியையும் இடது கையாலேயே தின்று முடித்தேன்.